படைபலமின்றி வந்த பரதேசி: யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வும் அது உணர்த்தும் பாடமும்

இந்நாட்டுக்குச் சமயங்கள் வந்து சேர்ந்த வழிகள் பலவாகும். சில அரசர்களின் ஆதரவோடு வந்தன. சில வணிகர்களின் மரக்கலங்களில் வந்தன. கத்தோலிக்க சமயமோ 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் பீரங்கிக் கப்பல்களின் நிழலில் வந்து சேர்ந்தது. அந்நிழல் அகன்றபோது அச்சமயமும் இம்மண்ணிலிருந்து அகன்று விடும் என்றே பலரும் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. அதற்குக் காரணமாக அமைந்தவர்களுள் முதன்மையானவர், எந்த அரசின் ஆணையும் எந்தப் படையின் காவலும் இன்றி, கூலியாளின் கந்தைத் துணியோடு 1687 ஆம் ஆண்டில் இலங்கையின் வடகரையில் வந்திறங்கிய கோவா நாட்டுக் குருவானவர் யோசப் வாஸ் ஆவார்.

அவரைக் கத்தோலிக்கர் இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றுகின்றனர். ஆயினும் அவருடைய வாழ்வைக் கத்தோலிக்கரின் சொத்தாக மட்டும் கருதி ஒதுக்கி விடுதல் பொருத்தமாகாது. ஒடுக்கப்பட்ட ஒரு சிறுபான்மைச் சமூகம் எவ்வாறு தன்னைக் காத்துக் கொண்டது, வேற்றுச் சமயத்து மன்னன் ஒருவன் அதற்கு எவ்வாறு இடமளித்தான் என்னும் இரு வினாக்களுக்கும் அவ்வாழ்வில் விடை உண்டு. இவ்விரு வினாக்களும் இந்நாட்டின் தமிழரையும் முஸ்லிம்களையும் இன்றும் நேரடியாகத் தொடுவனவாகும்.

அடிகளாரின் வருகையை விளங்கிக் கொள்ள அக்காலப் பின்னணியை ஓரளவு அறிதல் அவசியமாகும். போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். மதமும் வணிகமும் ஆட்சியும் அவர்களிடத்தில் பிரிக்க முடியாதவையாகப் பின்னிக் கிடந்தன. 1544 ஆம் ஆண்டில் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவத்தைத் தழுவிய நூற்றுக்கணக்கான எளிய மக்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாகியது. 1621 ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவர்களால் தரைமட்டமாக்கப்பட்டது. 1626 ஆம் ஆண்டில் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் நடவடிக்கையை அவர்கள் மேற்கொண்டனர். அவ்வாறு விரட்டப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடமளித்து, அவர்களுள் பெருந்தொகையானோரைக் கிழக்கிலங்கையில் குடியேற்றினான். இவ்வரலாற்றில் எந்தத் தரப்பும் முற்றாகக் கறைபடாதது என்று கூறுவதற்கில்லை.

பின்னர் காலம் மாறியது. ஒல்லாந்தர் 1656 ஆம் ஆண்டில் கொழும்பையும் 1658 ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். புரட்டஸ்தாந்து சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒல்லாந்தருக்குக் கத்தோலிக்கர் என்போர் போர்த்துக்கேயரின் கையாட்களாகவே தோன்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு மறைவிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. ஞானஸ்நானமும் திருமணமும் அச்சபையின் பதிவேட்டில் இடம்பெற்றாலன்றி உத்தியோகமோ சொத்துரிமையோ உறுதிப்படாத நிலை தோன்றியது. சைவர்களும் இதே நெருக்கடிக்கு உள்ளாயினர். பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்தில் பெயர் கொடுத்து, இரவில் வீட்டின் உள்ளறையில் தமது தெய்வத்தை வணங்கிய குடும்பங்கள் அக்கால யாழ்ப்பாணத்தில் ஏராளம். முஸ்லிம்களின் வணிகத்துக்கும் குடியிருப்புக்கும் ஒல்லாந்தர் கட்டுப்பாடுகளை விதித்தனர். ஒருவரையொருவர் முன்பு அஞ்சி நின்ற சமூகங்கள் யாவும் இப்போது ஒரே அதிகாரத்தின் கீழ் ஒடுங்கி நின்றன.

இந்நிலையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவர் இன்றியே வாழ்ந்தனர். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறப்போருக்கு இறுதி அருட்சாதனமும் இல்லை. ஆயினும் மனப்பாடமாக அறிந்த செபங்களைத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். அவசர வேளையில் எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாம் என்னும் திருச்சபை விதியைப் பற்றிக் கொண்டு மூத்தோர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்கினர். மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக் கொண்டு வன்னிக் காட்டினுள் சென்றவர்கள் அதை வைத்து வணங்கிய இடமே இன்று மடுத் திருத்தலமாக விளங்குகின்றது. ஆட்சியின் அரவணைப்பில் மதம் மாறியவர்கள் ஆட்சி மாறியதும் மீண்டும் மாறி விடுவர் என்ற கணிப்பு இம்மக்கள் விடயத்தில் பொய்த்துப் போனது.

யோசப் வாஸ் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும் பிராமண மரபிலிருந்து கத்தோலிக்கத்தைத் தழுவிய குடும்பம் அவருடையது. தந்தையின் ஊர் சங்கோலே ஆகும். போர்த்துக்கேய மொழியிலும் இலத்தீனிலும் கல்வி கற்ற அவர் 1676 ஆம் ஆண்டில், தமது 25 ஆவது வயதில், குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டில் சங்கோலே ஆலயத்தில் தம்மை மரியன்னையின் அடிமையாக எழுத்து மூலம் ஒப்புக் கொடுத்தார். அடிமை என்னும் அச்சொல் அவருக்கு வெறும் பக்திச் சொல்லாக இருக்கவில்லை என்பதைப் பிற்கால வாழ்வு காட்டியது. உண்மையிலேயே அடிமை ஒருவனின் கோலத்தில்தான் அவர் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலக் கோவாவில் சுதேசக் குருமாரின் நிலை பெருமைக்குரியதாக இருக்கவில்லை. ஐரோப்பியரின் துறவற சபைகள் இந்தியரைத் தம்முள் சேர்த்துக் கொள்வதில்லை. குருவாகும் வரை அவர்களை அனுமதித்த திருச்சபை நிர்வாகம், பொறுப்பான பதவிகளில் அவர்களை அமர்த்தத் தயங்கியது. இலங்கைக் கத்தோலிக்கரின் அவலத்தைக் கேள்வியுற்ற வாஸ் அடிகளார் அங்கு செல்லத் தாமே முன்வந்தார். ஆனால் 1681 ஆம் ஆண்டில் அவர் கன்னட நாட்டுக் கரையோர மறைப்பணிக்கே அனுப்பப்பட்டார். போர்த்துக்கேய அரசின் உரிமையை வலியுறுத்திய தரப்புக்கும் உரோமையின் நேரடி அதிகாரத்தை வலியுறுத்திய தரப்புக்கும் இடையே அங்கு கடுமையான பூசல் நிலவியது. அப்பூசலில் சிக்காமல் இரு தரப்பினரின் மதிப்பையும் பெற்று, 1684 ஆம் ஆண்டு வரை அவர் அங்கு பணியாற்றினார்.

கோவா திரும்பியதும், ஒன்றுகூடித் துறவு வாழ்வு வாழ முனைந்த சில சுதேசக் குருமாரோடு 1685 ஆம் ஆண்டில் அவர் இணைந்து கொண்டார். அவர்களே அவரைத் தலைவராக்கினர். புனித பிலிப்பு நேரியின் மரபைப் பின்பற்றிய ஒறற்றோரியன் சபை அவ்வாறு கோவாவில் உருப்பெற்றது. ஆசிய மண்ணைச் சேர்ந்த குருமார் தமக்கெனத் தாமே அமைத்துக் கொண்ட சபை அது. பிற்காலத்தில் ஒன்றரை நூற்றாண்டு காலம் இலங்கைக்குக் குருமாரை அனுப்பி வந்தது அச்சபையே என்பது குறிப்பிடத்தக்கது. ஐரோப்பியர் ஒதுக்கி வைத்த கறுப்புத் தோலே இப்பணிக்கு இன்றியமையாத தகுதியாக அமைந்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றாகும். வெள்ளைத் தோல் கொண்ட துறவி ஒருவர் ஒல்லாந்தரின் காவற்றுறையைக் கடந்திருக்க முடியாது. வெறுங்காலுடன் சுமை தூக்கிச் சென்ற கோவாக்காரரை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1686 ஆம் ஆண்டில் அவர் கோவாவிலிருந்து புறப்பட்டார். தென்னகத்தின் மேற்குக் கரை வழியே நடந்து தூத்துக்குடியை அடைந்தார். யோவான் என்னும் இளைஞன் அவருக்கு உதவியாளனாக உடன் சென்றான். இருவரும் ஏழைக் கூலிகளைப் போல உடுத்துப் படகேறினர். கடலில் வீசிய புயலும் உணவுத் தட்டுப்பாடும் அவர்களின் உடலை உருக்குலைத்தன. 1687 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அடிகளார் கடும் வயிற்றுளைவினால் பீடிக்கப்பட்டிருந்தார். முன்பின் அறியாத ஊரில், நோயாளியாய், தாம் யார் என்று வெளிப்படுத்த இயலாதவராய் அவர் கிடந்தார். இரக்கமுள்ள சிலர் ஊட்டிய கஞ்சியே அவருடைய உயிரைக் காத்தது. உணவளித்தவர்கள் அவருடைய சமயத்தை அறிந்திருக்கவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி வார்க்க அது அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

உடல் தேறியதும் கத்தோலிக்கரை இனங்காணும் பணி தொடங்கியது. அது எளிதாக அமையவில்லை. தாம் கத்தோலிக்கர் என்று அந்நியர் ஒருவரிடம் ஒப்புக் கொள்வது உயிராபத்தான செயலாகும். அடிகளார் கழுத்தில் செபமாலை ஒன்றை அணிந்து கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுக்கலானார். அதைக் கண்டு வெறுப்புக் காட்டிய வீடுகளும் இருந்தன, வெறுமனே அரிசியிட்டு அனுப்பிய வீடுகளும் இருந்தன. ஏதோ ஒரு வீட்டில் எவரோ ஒருவரின் பார்வை அச்செபமாலையில் சற்று அதிகமாகத் தங்கி நின்றது. அப்பார்வையே அவருக்கு வேண்டிய அடையாளமாயிற்று. சிறிது சிறிதாக நம்பிக்கை வளர்ந்தது. தாம் குருவானவர் என்பதை அவர் வெளிப்படுத்தியபோது, 30 ஆண்டுகள் காத்திருந்த முதியோர் அடைந்த உணர்வை நாம் ஊகித்து அறியலாம்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியிலுள்ள சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த அக்கிராமத்தைத் தளமாகக் கொண்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் பணியாற்றினார். பகலில் மறைந்திருந்து இரவில் கிராமம் கிராமமாக நடப்பார். ஒரு வீட்டில் திருப்பலி நிறைவேற்றி விட்டு, விடியுமுன் வேறோர் ஊருக்குச் சென்று விடுவார். தமிழைக் கற்று, தமிழிலேயே போதித்தார். அவருடைய நடமாட்டத்தை அறிந்தோர் பலர். தண்டனை மரணம் என்று அறிந்திருந்தும் காட்டிக் கொடாது காத்தவர்கள் அவர்கள். அக்காலத்தில் ஆலயம் என்பது கட்டடமாக இருக்கவில்லை. ஒருவரையொருவர் காட்டிக் கொடாத மனிதர்களின் கூட்டமே ஆலயமாக இருந்தது.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்த அதிகாரிகள் யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்குக் கூடியிருந்த கத்தோலிக்கரைச் சுற்றி வளைத்தனர். அடிகளார் தப்பினார். கூடியிருந்த மக்கள் தப்பவில்லை. ஆண்களும் பெண்களும் கைது செய்யப்பட்டு, பலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. சிலர் கசையடிக்கும் கடூழியச் சிறைக்கும் உள்ளாகி உயிர் துறந்தனர். அடிகளாரின் வாழ்வைப் பேசுவோர் அவருடைய தப்புதலை இறைவனின் அற்புதமாகக் காண்பர். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அவரைக் காத்ததற்காகத் தண்டனை பெற்ற அந்த எளிய மனிதர்களின் பங்கு அவருடைய பங்கிற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அவர்களுக்குச் சொரூபங்கள் இல்லை, திருவிழாக்களும் இல்லை.

தாம் தொடர்ந்து தங்கியிருப்பின் மக்களுக்கு ஏற்படும் ஆபத்தை உணர்ந்த அடிகளார் 1690 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைவிட்டு நீங்கிப் புத்தளத்தை அடைந்தார். புத்தளம் அப்போது கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட துறையாகும். உப்பும் துணியும் பாக்கும் கைமாறிய அப்பகுதியில் முஸ்லிம் வணிகரும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்தனர். ஒல்லாந்தரின் கை எட்டாத அவ்விடத்தில் அடிகளார் வெளிப்படையாகப் பணிபுரிய முடிந்தது.

இங்கு நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்தில் வாழ முடியாத நிலையில் ஒரு மனிதர் 1690 இல் புத்தளத்தில் அடைக்கலம் பெற்றார். சரியாக 300 ஆண்டுகள் கழிந்து, 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வடமாகாணத்தின் முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டு அதே புத்தளத்தில் பெருந்தொகையாகத் தஞ்சமடைந்தனர். முதலாவது நிகழ்வில் விரட்டியவர்கள் அந்நியர். இரண்டாவது நிகழ்வில் விரட்டியவர்கள் அதே மொழி பேசிய சகோதரர்களின் பெயரால் இயங்கிய விடுதலைப் புலிகள். தாமே ஒடுக்குமுறைக்கு எதிராகப் போராடுவதாகக் கூறியவர்கள் தம்மிலும் சிறியதொரு சமூகத்தை ஒடுக்கியமை தமிழர் வரலாற்றின் ஆறாத வடுவாகும். அதை மறைப்பதால் எவருக்கும் நன்மை விளையாது.

1692 ஆம் ஆண்டில் அடிகளார் கண்டிக்குப் பயணமானார். அவருடைய வருகையை அறிந்து, மன்னனின் சேவையிலிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தினர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று முறையிட்டார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைப்படுத்தினான். ஆபத்தான மலைப்பாதைகளைக் கடந்து சென்ற பயணம் சிறைவாசலில் முடிந்தது. ஆயினும் அவர் அக்காலத்தை வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் தாம் இருந்த இடத்திலேயே ஓலைக் குடிசையொன்றை அமைத்து அதைச் சிற்றாலயமாக்கினார். கண்டியில் வாழ்ந்த கத்தோலிக்கர், போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களும் கைதிகளாக வந்தோரின் சந்ததியினரும், அங்கு வரலாயினர். அவரை நெடுநாள் கண்காணித்த அரசன், இவர் எவருக்கும் ஒற்றர் அல்லர் என்பதை உணர்ந்து கொண்டான். கடும் வரட்சிக் காலத்தில் அவருடைய செபத்தால் மழை பொழிந்தது என்றும், அதன் பின்னரே அரசன் அவருக்கு முழுச் சுதந்திரமளித்தான் என்றும் கத்தோலிக்க மரபு கூறும்.

இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தத்தில் பற்றுக் குறைந்த மன்னன் அல்லன். இலங்கையில் அருகிப் போயிருந்த உபசம்பதா மரபைப் புதுப்பிப்பதற்காக 1697 ஆம் ஆண்டளவில் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன் அவனே. தன் சமயத்தைப் பேணுவதற்குப் பிற சமயத்தவரை விரட்ட வேண்டும் என்று அவன் கருதவில்லை. முஸ்லிம்கள் அவ்விராச்சியத்தில் வைத்தியர்களாகவும் வணிகர்களாகவும் தவளம் எனப்படும் பொதிமாட்டுப் போக்குவரத்தை நடத்துவோராகவும் மதிப்போடு வாழ்ந்தனர். பெரும்பான்மையினரின் சமயத்தைக் காப்பதற்குச் சிறுபான்மையினரை அடக்குதல் அவசியம் என்று இன்று வாதிடுவோர், தாம் பெருமை பேசும் கண்டி இராச்சியத்தின் இப்பக்கத்தையும் படித்தறிதல் நன்று.

1697 ஆம் ஆண்டில் கண்டியில் பெரியம்மை நோய் பரவியது. நோயுற்றோரைக் காட்டில் கொண்டு சென்று விட்டு விடுவதும், உறவினரே அஞ்சி ஓடுவதும் அக்கால வழக்கம். அரசனும் பிரபுக்களும் நகரத்தைவிட்டு அகன்றனர். அடிகளாரும் கோவாவிலிருந்து வந்து அவரோடு இணைந்திருந்த யோசப் கர்வால்யோ அடிகளாரும் அகலவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று உணவூட்டினர், புண்களைக் கழுவினர், குடிசைகள் அமைத்துக் கொடுத்தனர், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். நோயாளி பௌத்தரா, இந்துவா, முஸ்லிமா, கத்தோலிக்கரா என்ற வினா அங்கு எழவில்லை. அரசன் திரும்பி வந்தபோது அடிகளார் மீது அவன் கொண்டிருந்த மதிப்புப் பன்மடங்காகியது.

கொள்ளை நோய்க் காலத்தில் இறந்தோரை எவ்வாறு நடத்துகிறோம் என்பது ஒரு சமுதாயத்தின் தரத்தை அளக்கும் அளவுகோல். 2020 ஆம் ஆண்டில் கொவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்ய அனுமதித்திருந்தும், இந்நாட்டில் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டன. கிறிஸ்தவக் குடும்பங்களும் அத்துயருக்கு ஆளாயின. 2021 பெப்ரவரியிலேயே அம்முடிவு மாற்றப்பட்டது. தொற்றுக்கு அஞ்சாது அந்நியரின் உடலை மண்ணில் இட்ட 1697 இன் துறவியை நினைக்கும்போது, முன்னேறிய விஞ்ஞானம் மட்டும் மனிதத்தன்மையைத் தந்து விடாது என்பது புலனாகின்றது.

1696 ஆம் ஆண்டளவில் கொச்சி ஆயர் அடிகளாரை இலங்கைக்கான தமது பிரதிநிதியாக நியமித்தார். அதன் பின்னர் நாடெங்கும் அவர் மேற்கொண்ட பயணங்கள் வியப்பூட்டுவன. மாறுவேடத்தில் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் சென்றார். மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என ஒல்லாந்தரின் ஆட்சிப் பகுதிகளிலெல்லாம் அவரும் அவருடைய தோழர்களும் நடந்தே சென்றனர். 1705 ஆம் ஆண்டில் மேலும் குருமார் வந்து சேர்ந்ததும், நாட்டை எட்டுப் பிரிவுகளாக வகுத்துப் பணியைப் பகிர்ந்தளித்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஊருக்கு வரக்கூடிய குருவானவரை நம்பி ஒரு சமூகம் வாழ முடியாது என்பதை அடிகளார் நன்கு உணர்ந்திருந்தார். எனவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். மூப்பர் சமூகத்தைக் கூட்டி நடத்துவார், பிணக்குகளைத் தீர்ப்பார், மரணச் சடங்குகளை முன்னின்று செய்வார். அண்ணாவியார் சிறுவருக்கு மறைக்கல்வியும் செபங்களும் கற்பிப்பார். வட இலங்கைக் கரையோரக் கிராமங்களில் இப்பெயர்கள் இன்றும் வழங்கி வருகின்றன. நாட்டுக்கூத்தை நெறிப்படுத்துபவரையும் நாம் அண்ணாவியார் என்றே அழைக்கிறோம். தம்மை இன்றியும் இயங்கக்கூடிய சமூகத்தைக் கட்டியெழுப்பியமையே அடிகளாரின் மிகப் பெரிய சாதனை எனலாம். அவருக்கு ஆயர் பதவி அளிக்க முன்வந்தபோதும் அதை அவர் ஏற்கவில்லை.

1705 இல் வந்து சேர்ந்தவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் குறிப்பிடத்தக்கவர். சிங்களத்திலும் தமிழிலும் புலமை பெற்று நூல்கள் பல இயற்றியவர் அவர். தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் உருக்கத்தோடு ஓதப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் யாத்ததாகும். அச்சகம் இன்றி ஓலையிலும் ஏட்டிலும் பரவிய அவ்வெழுத்துக்கள், ஒடுக்கப்பட்ட சமூகத்துக்கு மொழியும் இசையும் அளித்தன. வாஸ் அடிகளார் நடந்து ஒன்றுசேர்த்த சமூகத்தைக் கொன்சால்வெஸ் அடிகளார் எழுத்தினால் உறுதிப்படுத்தினார் என்று கூறின் மிகையாகாது.

தொடர்ந்த நடையும் பட்டினியும் நோயும் வாஸ் அடிகளாரின் உடலைத் தளர்த்தின. 1707 ஆம் ஆண்டில் அரியணை ஏறிய நரேந்திரசிங்க மன்னனும் அவர்மீது மதிப்புக் கொண்டிருந்தான். 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி, தமது 59 ஆவது வயதில், அடிகளார் கண்டியில் காலமானார். கோவாவை விட்டு வந்த பின் அவர் ஒருபோதும் தாயகம் திரும்பவில்லை. அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. எத்தனையோ அநாதைப் பிணங்களுக்குக் குழி தோண்டியவரின் குழியும் அடையாளமின்றி அதே மண்ணோடு கலந்து விட்டது.

அவர் பெற்ற அரச அடைக்கலம் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 1740 களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் கண்டியிலிருந்தும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் அழிக்கப்பட்டன. ஆங்கிலேயர் 1796 இல் கரையோரத்தைக் கைப்பற்றிய பின்னர், 1806 ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. ஓர் அரசனின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிருக்கும் உரிமை அடுத்த அரசனோடு மறைந்து விடக்கூடும். சிறுபான்மைச் சமூகங்கள் சலுகையை அல்லாது, சட்டத்தினால் உறுதி செய்யப்பட்ட உரிமையையே வேண்டி நிற்பதன் நியாயம் இதுவேயாகும். மன்னர் ஆட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்த பின்னரும் இந்நியாயம் காலாவதியாகி விடவில்லை.

1995 ஆம் ஆண்டு ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் கொழும்பில் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலிலேயே அவர் மடுத் திருத்தலத்துக்கும் சென்று, போரினால் உறவுகளை இழந்த தமிழ், சிங்கள மக்களோடு செபித்தார். ஒல்லாந்தருக்கு அஞ்சிக் காட்டினுள் கொண்டு செல்லப்பட்ட மாதாவின் தலம், உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு அடைக்கலமளித்தது. 1999 நவம்பரில் அங்கும் எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் உயிரிழந்தனர்.

அடிகளாரின் பிறந்த நாளான ஏப்ரல் 21 இந்நாட்டவரால் மறக்க முடியாத நாளாகவும் ஆகி விட்டது. 2019 ஆம் ஆண்டில் அதே திகதியில், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260 க்கும் மேற்பட்டோர் பலியாகினர். இஸ்லாத்தின் பெயரைக் கெடுத்த ஒரு சிறு குழுவினரின் கொடுஞ்செயல் அது. அடுத்த மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் அக்குற்றத்தில் எவ்விதப் பங்குமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சிலரின் குற்றத்துக்கு முழுச் சமூகத்தையும் பொறுப்பாளியாக்குவது, போர்த்துக்கேயரின் பிழைக்காகச் சில்லாலையின் ஏழைக் கத்தோலிக்கரைத் தண்டித்த ஒல்லாந்தரின் நியாயத்திலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று.

மறைப்பணி என்ற சொல் இன்று சந்தேகத்தோடு நோக்கப்படுகின்றது. வறுமையைப் பயன்படுத்தி மதம் மாற்றுதல், பிற சமயத்தை இழிவுபடுத்துதல் ஆகியவற்றைக் கண்ட சமூகங்கள் அவ்வாறு நோக்குவதில் வியப்பில்லை. எல்லாச் சமயங்களிலும் இன்று இளைஞர்கள் பணிக்கெனப் பயணம் புறப்படுகின்றனர். அவர்கள் அடிகளாரிடமிருந்து கற்க வேண்டியவை உள. அவர் போன ஊரின் மொழியைக் கற்றார். அவ்வூராரின் உணவையே உண்டார். தம்மால் ஊராருக்கு ஆபத்து என்று கண்டபோது விலகிச் சென்றார். நோய் வந்தபோது விலகாது நின்றார். தாம் சென்ற இடத்தில் தம் பெயரை நிலைநாட்டாது, அங்குள்ளோரைத் தம் கால்களில் நிற்கச் செய்தார்.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நோயில் வீழ்ந்து கிடந்த முகமறியாத பரதேசிக்கு யாழ்ப்பாணத்தில் கஞ்சி வார்த்தவர்கள் இருந்தனர். விரட்டப்பட்டவருக்குப் புத்தளத்தில் இடங்கொடுத்தவர்கள் இருந்தனர். சந்தேகத்தால் சிறையிட்டுப் பின் உண்மையறிந்து விடுவித்த பௌத்த மன்னனும் இருந்தான். இம்மூவகையினரும் இன்றி அப்புனிதரின் வரலாறு இல்லை. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் இன்னும் சொந்தமண் திரும்பாதோருக்கும், திரும்பியும் காணியின்றி அலைவோருக்கும் தமிழ்ச் சமூகம் ஆற்ற வேண்டிய கடன் எஞ்சியிருக்கின்றது. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியில் ஆலயங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் ஒன்றிணைந்து முதலடி எடுத்து வைக்குமாயின், கல்லறை இல்லாத அத்துறவிக்கு அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறு இருக்க முடியாது.